வேலூர் வெயிலிலும் உடையாமல் வரும் சாக்லேட் பண்ட் கேக்: முழுமையான வழிகாட்டி

பண்ட் கேக்குக்கு ஐசிங் கைவேலை எதுவும் தேவையில்லை. டின்னின் மடிப்பெல்லாம் கேக்கில் அப்படியே பதிந்து, நடுவில் துளையோடு, மேலே கனாஷ் (சூடான க்ரீமும் சாக்லேட்டும் சேர்ந்த கலவை) வழிந்து நின்றாலே பேக்கரிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற அழகு வந்துவிடும். அதே காரணத்தால், ஒரு மடிப்பு டின்னில் ஒட்டிப் பிய்ந்தால் மறைக்கவும் வழியில்லை. சாதாரண வட்டக் கேக் என்றால் க்ரீமைப் பூசிச் சமாளித்துவிடலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற ரெசிப்பிகளில் பாதி, “வெண்ணெயை ரூம் டெம்பரேச்சரில் வைத்து, சர்க்கரையோடு சேர்த்து அடியுங்கள்” என்றுதான் ஆரம்பிக்கும். அவர்கள் சொல்கிற ரூம் சுமார் 20 டிகிரி செல்சியஸ். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ கத்திரி வெயில் நேரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற சமையலறை என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மேடையில் வைத்த வெண்ணெய் அரை மணி நேரத்தில் எண்ணெயாகிவிடும். கெட்டியாக, ஆனால் இளகலாக இருக்கும் வெண்ணெய்தான் அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கும். உருகிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது, கேக்கும் பொங்காது.

அதனால் இந்தச் செய்முறையில் வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெய்க்குப் போகிறோம். பொங்க வைக்கிற வேலையை ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் பார்த்துக்கொள்ளும். பீட்டரும் (மின்சார அடிப்பான்) வேண்டாம், விஸ்க் (கம்பி மத்து) போதும். எண்ணெய்க் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தாலும் வெண்ணெய்க் கேக் மாதிரி இறுகாது. கோடையில் இரண்டாம் நாளே கேக்கை ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டியிருக்கும் ஊரில் இது பெரிய லாபம்.

டின் வாங்கும்போது

இப்போது நாம் பார்க்கும் வடிவத்தை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நார்டிக் வேர் நிறுவனத்தை நடத்திய டேவிட் டால்குவிஸ்ட் 1950-இல் கனமான வார்ப்பு அலுமினியத்தில் செய்தார். அங்கிருந்த யூதப் பெண்கள் சங்கத்தினர், ஐரோப்பாவில் புழங்கிய பழைய குகல்ஹூஃப் அச்சு (நடுவில் குழாய் வைத்த கேக் அச்சு) மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டதால் வந்தது அது. ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான். 1966-இல் பில்ஸ்பரி நிறுவனத்தின் சமையல் போட்டியில் பண்ட் டின்னில் செய்த ஒரு சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு வாங்கிய பிறகுதான் அமெரிக்கா முழுக்க இந்த டின்னைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்த வார்ப்பு அலுமினியம் கனமானது, சூட்டைச் சமமாகப் பரப்பும். நமக்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு நான்ஸ்டிக் பூசிய மெல்லிய தகடு. கறுப்பு நிறம் சூட்டை வேகமாக இழுக்கும். உள்ளே வேகும் முன் வெளிப்பக்கம் காய்ந்துவிடும். கறுப்பு மெல்லிய டின் என்றால் கீழே சொல்லும் சூட்டில் 10 டிகிரியைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் மடிப்பு அதிகம் இல்லாத, அகலமான வளைவுகள் உள்ள டின்னாகப் பாருங்கள். கோட்டை கொத்தளம் போலக் கூர்முனைகள் வைத்த டின் படத்துக்கு அழகு. முதல் கேக்குக்கு வேண்டாம்.

நடுவில் இருக்கும் குழாய் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் மாவை ஆழமான டின்னில் ஊற்றினால் ஓரம் காயும்போதும் நடு மையம் பச்சையாக இருக்கும். அந்த மையத்தையே எடுத்துவிட்டு, உள்ளேயிருந்தும் சூடு வருகிற மாதிரி செய்ததுதான் இந்தக் குழாய்.

இங்கே கொடுத்திருக்கும் அளவு 10 கப், அதாவது சுமார் 2.4 லிட்டர் டின்னுக்கானது. உங்கள் டின் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாவிட்டால் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக்கூடாது. மிஞ்சுவதை நாலு டம்ளரிலோ கப் கேக் அச்சிலோ ஊற்றிவிடலாம். டின்னை வாங்கும் முன் ஓ.டி.ஜி.யின் (மேடையில் வைக்கும் மின்சார ஓவன்) உள் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். டின்னைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் இடமாவது வேண்டும், மேல் கம்பியிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். சின்ன ஓ.டி.ஜி.யில் இந்த டின் நுழைந்தாலும் கேக் மேலே எழும்பிக் கருகும்.

தேவையானவை

மைதா – 220 கிராம்
கார்ன்ஃப்ளார் – 30 கிராம்
இனிப்பில்லாத கோகோ பவுடர் – 70 கிராம்
சர்க்கரை – 325 கிராம்
ஆப்ப சோடா – 1¼ டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
உப்பு – ¾ டீஸ்பூன்
சூரியகாந்தி எண்ணெய் – 180 மில்லி
முட்டை – 3 (ஓடு நீக்கி 150 கிராம் வர வேண்டும், சிறிய முட்டையானால் 4)
தயிர் – 200 கிராம், அதோடு 40 மில்லி தண்ணீர்
கொதிக்கக் கொதிக்க காபி டிகாஷன் – 200 மில்லி
வெனிலா எசன்ஸ் – 2 டீஸ்பூன்

தராசு இல்லாமல் கேக் செய்யாதீர்கள். கப் அளவில் மைதாவை அழுத்தி அள்ளினால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 30 கிராம் வித்தியாசம் வரும். கேக் வறண்டு போனது என்று சொல்கிற வீடுகளில் பாதிக் கோளாறு இங்கேதான்.

மளிகைக்கடையில் சில்லறையாகக் கிடைக்கும் மைதா பரோட்டாவுக்கு ஏற்ற மைதா. நன்றாக இழுபடும். கேக்குக்கு அந்த இழுவை ஆகாது என்பதால்தான் 30 கிராம் கார்ன்ஃப்ளார். எண்ணெயில் ஒரு எச்சரிக்கை: வட ஆற்காடு நிலக்கடலை விளையும் பூமி, நல்ல செக்குக் கடலை எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். கறிக்குழம்புக்கு அதைவிட நல்லது இல்லை. கேக்கில் ஊற்றினால் கோகோ வாசத்தை அமுக்கிவிட்டு கடலை மட்டும் மேலே நிற்கும். மணமில்லாத ரீஃபைண்டு எண்ணெய்தான் இதற்கு.

சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் பொடியுங்கள். நம் கடைச் சர்க்கரையின் பரல் பெரிது, கையால் கலக்கும் கொஞ்ச நேரத்தில் கரையாது. ஆற்காடு மக்கன் பேடா தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த இனிப்பு போதாது என்று வீட்டில் யாராவது சொல்லலாம். ஏற்றாதீர்கள். சர்க்கரை கூடினால் மேல் தோல் பிசுபிசுத்து டின்னில் ஒட்டும், நடுவும் இறங்கும். இனிப்பு வேண்டுமென்றால் கனாஷ் இருக்கிறது.

கோகோ பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். வெறும் கோகோ மட்டும் இருந்தால் அது இயற்கை கோகோ, புளிப்புத்தன்மை உண்டு. ஆல்கலைஸ்டு என்றோ டச் ப்ராசஸ்டு என்றோ போட்டிருந்தால் புளிப்பு நீக்கியது. நிறம் கருமையாக, சுவை மென்மையாக இருக்கும். டச்சுக்காரர் வான் ஹூட்டனின் முறை, 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆப்ப சோடா புளிப்போடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். புளிப்பு போதாவிட்டால் மிச்ச சோடா அப்படியே நின்று கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். ஆகவே டச் கோகோ என்றால் சோடாவை ¾ டீஸ்பூனாகக் குறைத்து, பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூன் ஆக்குங்கள்.

தயிர் கொஞ்சம் புளித்திருக்கலாம், நல்லதுதான். கோடையில் காலையில் உறைந்த தயிர் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அதைத் தாராளமாகப் போடலாம். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் மட்டும் வடித்துவிட்டு எடையெடுங்கள்.

டின்னுக்கு நெய் தடவுவது

இந்தக் கேக்கின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. மற்ற எதை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

வெண்ணெய் தடவ வேண்டாம். அதில் ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட தண்ணீர், மிச்சம் கொஞ்சம் பால் சத்து. தண்ணீர் ஆவியானதும் பால் சத்து பசை மாதிரி வேலை செய்து ஒட்ட வைக்கும். நெய்யில் இந்த இரண்டும் கிடையாது. பேக்கரிகளில் இதற்கென்றே ஒரு கலவை வைத்திருப்பார்கள்: மைதா, எண்ணெய், டால்டா மூன்றும் சம அளவு, நன்றாகக் குழைத்துப் பசையாக்கியது. வீட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யோ டால்டாவோ எடுத்து, ஒன்றரை டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைக் கலந்து குழைத்தால் போதும். மைதா தூவினால் சாக்லேட் கேக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும், கோகோ என்றால் தெரியாது.

பிரஷ்ஷை எடுத்து மடிப்பு ஒவ்வொன்றிலும், குழாயின் மேல் நுனி வரை, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். குழாயை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், கேக்கும் அங்கேதான் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டின்னை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் தடவாத இடம் பளபளப்பாகத் தெரியும். பிறகு நம் ஊருக்கான படி: டின்னை 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் தடவிய நெய் உருகிச் சுவரிலிருந்து வழிந்து அடியில் குளமாக நின்றுவிடும், மேல்பக்கம் வெறுமையாகிவிடும். குளிர்ந்து இறுகியதும் எடுத்து இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்து, மாவு தயாராகும் வரை மறுபடியும் ஃபிரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள்.

“நான்ஸ்டிக் டின் தானே, எதுக்கு இவ்ளோ?” என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். தட்டையான தோசைக்கல்லில் நான்ஸ்டிக் போதும் அக்கா, இருபது மடிப்பு உள்ள டின்னில் போதாது என்றேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கேக் இரண்டு துண்டாக வந்தது, அதையே தட்டில் அடுக்கிக் கொடுத்தனுப்பினார். சுவைக்குக் குறையில்லை.

மாவு கலப்பது

ஓ.டி.ஜி.யை முதலில் 170 டிகிரியில் சூடேற்ற வையுங்கள், மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். 15 முதல் 20 நிமிடம் வேண்டும். விளக்கு அணைந்துவிட்டால் சூடேறிவிட்டது என்று நம்ப வேண்டாம். வீட்டு ஓ.டி.ஜி.க்களின் தெர்மோஸ்டாட் 15, 20 டிகிரி தப்பாகக் காட்டுவது சகஜம். ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே மாட்டினால் பாதிக் குழப்பம் தீரும்.

அகலமான பாத்திரத்தில் கோகோ பவுடரைப் போட்டு, கொதிக்கிற டிகாஷனை ஊற்றி, கட்டியில்லாமல் கலக்குங்கள். சூடு பட்டதும் கோகோவின் வாசம் எழும்பும், நிறமும் கருத்துவரும். பச்சைக் கோகோவை மைதாவோடு சலித்துப் போடுவதை விட இது எவ்வளவோ மேல். டிகாஷன் ஃபில்டரில் இறங்கிய இரண்டாம் டிகாஷனாகவே இருக்கலாம், சிக்கரி கலந்ததும் ஆகும். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட் ருசியைத் தூக்கிவிடும். குழந்தைகளுக்கு வேண்டாம் என்றால் வெந்நீர் போதும்.

இந்தக் கலவை ஆற வேண்டும். விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரியலாம், சுடக்கூடாது. மார்கழியில் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். மே மாதத்தில் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றுங்கள். சூட்டோடு முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டை திரிந்து திரிதிரியாக நிற்கும். வெளிநாட்டு ரெசிப்பியில் முட்டையை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள், இங்கே கால் மணி நேரம் போதும்.

ஆறியதும் பொடித்த சர்க்கரை, எண்ணெய், முட்டை, தண்ணீர் கலந்து அடித்த தயிர், வெனிலா எல்லாவற்றையும் அதே பாத்திரத்தில் சேர்த்து விஸ்க்கால் ஒரு நிமிடம் கலக்குங்கள். இன்னொரு பக்கம் மைதா, கார்ன்ஃப்ளார், சோடா, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாம் சேர்த்து இரண்டு தடவை சலித்து வைத்துக்கொள்ளுங்கள். இதை ஈரக் கலவையில் இரண்டு பாகமாகச் சேர்த்து, வெள்ளை மறையும் வரை மட்டும் கலக்கி நிறுத்துங்கள். ஒன்றிரண்டு சின்னக் கட்டி இருந்தால் பாதகமில்லை. இன்னும் கலக்கலாமே என்று கை துறுதுறுக்கும். கலக்கக் கலக்க மைதாவின் இழுவை கூடி, வெந்த கேக்கில் புழு ஓடின மாதிரி நீளத் துவாரம் விழும். மாவு இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

கலந்த மாவை வைத்துக் காக்காதீர்கள். சோடா தயிரைத் தொட்ட நொடியிலிருந்து நுரை கிளம்பிவிடும். டின்னை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஒரே இடத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், மாவு தானாகச் சுற்றி ஓடி மடிப்புக்குள் இறங்கும், காற்று சிக்காது. துணியை மடித்துப் போட்டு அதன் மேல் டின்னை நாலு தட்டு தட்டுங்கள்.

வேக வைப்பது

ஓ.டி.ஜி.யின் கீழ்த் தட்டுக்கு ஒன்று மேலே கம்பி வலையை வைத்து, அதன் மேல் டின். 170 டிகிரி, 45 முதல் 55 நிமிடம். ஃபேன் போட்டால் 155 போதும். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேல்பக்கம் சீக்கிரம் கருத்தால் மேல் கம்பியை அணைத்துவிட்டு, அலுமினிய ஃபாயிலை லேசாகப் போர்த்துங்கள். மேலே வெடிப்பு விழுந்தால் கவலை வேண்டாம், கவிழ்த்ததும் அது கேக்கின் அடிப்பாகம் ஆகிவிடும்.

வெந்ததை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, முதலிலிருந்தே கறுப்புதான். நீளமான மூங்கில் குச்சியை ஓரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஆழமாகக் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டக்கூடாது, இரண்டு ஈரத் துகள் ஒட்டியிருந்தால் அதுதான் சரியான நேரம். குச்சி சுத்தமாக, காய்ந்து வருகிற வரை விட்டால் கேக் வறண்டுவிட்டது என்று அர்த்தம். ஓரம் டின்னை விட்டு நூலளவு விலகியிருப்பதும் அடையாளம்.

ஓ.டி.ஜி. நிறைய மின்சாரம் இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டே மாவு கலக்குங்கள். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் காத்திருக்கலாம், உள்ளே இருக்கும் சூடு தாங்கும். அதற்கு மேல் ஆனால், அடி கனமான பெரிய பிரியாணிப் பாத்திரத்தை அடுப்பில் சூடேற்றி, உள்ளே ஸ்டாண்ட் வைத்து டின்னை இறக்கி, இறுக்கமாக மூடுங்கள். ஓ.டி.ஜி.யே இல்லாத வீட்டிலும் இதே வழிதான்: பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரம் கல் உப்பு, மேலே ஸ்டாண்ட், பத்து நிமிடம் சூடேற்றல், பிறகு சிறுதீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி மூடி மேல் தணல் போட முடிந்தவர்களுக்கு மேல்பக்கமும் நன்றாக வேகும். பிரஷர் குக்கரைக் காலியாகச் சூடேற்றாதீர்கள், குக்கர் கெட்டுவிடும்.

கவிழ்ப்பது

வெளியே எடுத்ததும் கவிழ்த்தால் கேக் பஞ்சாகப் பிய்யும். ஆற ஆற விட்டால் ஓரத்துச் சர்க்கரை இறுகி டின்னோடு ஒட்டும். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது: குளிர் காலத்தில் 10 நிமிடம், வெயில் காலத்தில் 15. டின்னைத் துணியால் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள், கேக் உள்ளே நகர்வது கையில் தெரியும். தெரிந்ததும் கம்பி வலையை மேலே கவிழ்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்புங்கள். உடனே டின்னைத் தூக்கிவிடாதீர்கள், தன் எடையில் இறங்க ஒரு நிமிடம் கொடுங்கள். வரவில்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கவிழ்ந்த டின்னின் மேல் இரண்டு நிமிடம் போர்த்துங்கள், இறுகிய நெய் இளகிவிடும். கத்தியை உள்ளே விட்டுச் சுரண்டினால் மடிப்பும் போகும், நான்ஸ்டிக்கும் போகும்.

பேக்கரிக் கேக்கின் ஈரப்பதம் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீரால் வருவது. 60 மில்லி டிகாஷனில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்து, கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரஷ்ஷால் சுற்றித் தடவுங்கள். இரண்டு மணி நேரம் முழுக்க ஆறவிடுங்கள்.

கனாஷ்

கோகோ வெண்ணெயில் செய்த நல்ல சாக்லேட் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். சமையலறையே அந்தச் சூட்டில் இருக்கும் ஊரில் அது எங்கே இறுகும்? கேக்கிலிருந்து வழிந்து தட்டில்தான் நிற்கும். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவர எண்ணெய், அது இன்னும் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். பல பேக்கரிகளும் அதைத்தான் போடுகின்றன. சுவையில் ஒரு படி கீழே என்பது உண்மை. என் கணக்கு இது: மார்ச் முதல் ஜூன் வரை காம்பவுண்ட் 150 கிராமுக்கு ஃபிரெஷ் க்ரீம் 100 மில்லி. கிறிஸ்துமஸ், பொங்கல் சமயத்தில் நல்ல டார்க் சாக்லேட் 120 கிராமுக்கு அதே 100 மில்லி.

க்ரீமைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழ் வரும்போது இறக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வட்டமாகக் கலக்கினால் பளபளவென்று சேரும். பேக்கரிப் பளபளப்புக்கு ஒரு டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸ் அல்லது தேன். கரண்டியிலிருந்து நாடாவாக விழுகிற பதத்தில் கேக்கின் உச்சியைச் சுற்றி ஊற்றுங்கள், மடிப்பு வழியே அது தானே வழி கண்டுபிடித்து இறங்கும். முழுக்க மூடிவிட்டால் டின் வாங்கிய காசு வீண்.

முட்டை வேண்டாம் என்றால்

மூன்று முட்டைக்குப் பதிலாக 200 கிராம் மில்க்மெய்ட், 60 மில்லி பால், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் சேர்த்து, சர்க்கரையை 230 கிராமாகக் குறையுங்கள். முட்டையில்லாக் கேக்குக்குக் கட்டுமானம் பலவீனம், கவிழ்க்கும் முன் 20 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும்.

கேக் அன்றைக்கு விட மறுநாள் ருசி அதிகம். க்ரீம் ஊற்றிய கேக்கைக் கோடையில் வெளியே அதிக நேரம் விட வேண்டாம். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நாலு நாள் தாங்கும். சாப்பிடும் கால் மணி நேரம் முன் எடுத்து வெளியே வைத்தால் போதும். டின்னை இரும்பு நாரால் தேய்க்காமல், வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள்.